நெடுந்தீவு: பார்க்கவும் படிக்கவும் ஒரு தீவு

கிரேக்க நாட்டின் மேற்குக் கரைக்கு அப்பால், அயோனியக் கடலில், இதாக்கா என்றொரு சிறு தீவு இருக்கிறது. பரப்பளவு ஏறத்தாழ நூறு சதுர கிலோ மீற்றர். அங்கு நிரந்தரமாக வாழ்பவர்கள் மூவாயிரம் பேரளவில்தான். பெரிய நகரமில்லை, பொன் விளையும் பூமியுமில்லை. ஆயினும் உலகத்தில் படித்தவர் எவரும் அந்தப் பெயரைக் கேள்விப்படாமல் இருந்ததில்லை. காரணம் ஒரு காவியம். பத்து ஆண்டு போரிலும் பத்து ஆண்டு கடலிலும் அலைந்து திரிந்த ஒடிசியஸ் என்ற மன்னன் திரும்பிச் சேரத் துடித்த வீடு அந்தத் தீவு என்று ஹோமர் பாடி வைத்தார். அன்று முதல் அந்தப் பாறைத் தீவு மனித மனத்தில் ‘ஊர்’ என்பதற்கே மறுபெயராகிவிட்டது. ஒடிசியசின் அரண்மனை எங்கே இருந்தது என்று தேடி 1868ஆம் ஆண்டு ஷ்லீமன் என்ற ஜேர்மானியர் அங்கே மண்ணைக் கிளறினார். அந்த விவாதம் இன்றுவரை முடிந்தபாடில்லை. ஆனால் விவாதம் முடியட்டும் என்று பயணிகள் காத்திருப்பதில்லை. அவர்கள் கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு தீவைப் பார்க்கிறார்கள்.

நேயர்களே, நமது நாட்டிலும் அப்படியொரு தீவு உண்டு. அதற்கும் ஒரு கடலோடிக் கதை உண்டு. ஒரு கோட்டை உண்டு. அந்தக் கோட்டை யாருடையது என்ற விவாதமும் உண்டு. கதையை மறந்துவிட்டுத்தான் நாம் அந்தத் தீவைப் பார்க்கப் போகிறோம் என்பதே வேறுபாடு. அந்தத் தீவு நெடுந்தீவு.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே சிதறிக் கிடக்கும் தீவுகளுள், மக்கள் வாழும் தீவுகளில் கரையிலிருந்து மிகவும் விலகி நிற்பது இதுவே. பரப்பு ஏறத்தாழ ஐம்பது சதுர கிலோ மீற்றர். இதாக்காவின் பாதி என்று சொல்லலாம். மலை என்று பெயர் சொல்ல ஒரு மேடுகூட இல்லாத தட்டையான நிலம். முருகைக் கல்லும் சுண்ணாம்புப் பாறையுமே அதன் உடம்பு. அதன்மேல் ஒரு போர்வைபோல் மெல்லிய மண். அதில் பனையும் புல்லும். மாரி மழை பெய்து ஓய்ந்ததும் தீவு முழுவதும் பச்சை பிடித்துவிடும். ‘பசுந்தீவு’ என்று அதற்கு ஒரு பெயர் வழங்குவது அதனால் பொருத்தமே. கோடையில் போகிறவருக்கு அதே இடம் வெந்த கல்லாகக் காட்சி தரும்.

புசல்லாவையின் தேயிலைச் சரிவுகளிலும் பனி மூட்டத்திலும் வாழும் நமக்கு அது முற்றிலும் வேறு உலகம். தூரம் என்னவோ பெரிதல்ல. கண்டியிலிருந்து புறப்படும் ஏ-9 வீதி 321 கிலோ மீற்றரில் யாழ்ப்பாணம் சேர்கிறது. ஆனால் போர்க்காலத்தில் அந்த வீதி நெடுங்காலம் மூடிக் கிடந்தது. 2002இல் திறந்து, 2006இல் மீண்டும் மூடி, 2009இன் பின்னரே நிலையாகத் திறந்தது. மலையகத்தில் ஒரு தலைமுறை முழுவதும் தீவகத்தைக் காணாமலே வளர்ந்துவிட்டது. இப்போது யாழ்ப்பாண நகரிலிருந்து பஸ் ஏறி, வேலணையைக் கடந்து, கடலுக்கு நடுவே போட்ட தாம்போதி வழியாகப் புங்குடுதீவு சேர்ந்து, அதன் மேற்கு ஓரத்திலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகலாம். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம். கடல் கொந்தளித்தால் படகு புறப்படாது. அந்த ஒரு மணி நேரக் கடல்தான் நெடுந்தீவின் வரலாறு முழுவதையும் எழுதியிருக்கிறது.

முதலில் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆங்கில வரைபடங்களில் இந்தத் தீவின் பெயர் டெல்ப்ட். 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் நாட்டு நகரங்களின் பெயர்களை நமது தீவுகளுக்குச் சூட்டினார்கள். காரைநகர் அம்ஸ்டர்டாம் ஆயிற்று. வேலணை லைடன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. மற்றப் பெயர்கள் பெரும்பாலும் மங்கிவிட, டெல்ப்ட் மட்டும் இன்றும் அரச ஆவணங்களிலும் உல்லாசப் பயண ஏடுகளிலும் உயிரோடு இருக்கிறது. புசல்லாவை வாசகர்களுக்கு இது புதிய அனுபவமாக இராது. 1841இல் வேர்ம்ஸ் சகோதரர்கள் சீனத்துத் தேயிலைச் செடிகளை நட்டுப் பார்த்த தோட்டம் நம்மூர் ரொத்சைல்ட் தோட்டம். ஐரோப்பிய வங்கிக் குடும்பத்தின் பெயரை ஒரு மலைச்சரிவு இன்றும் சுமந்து நிற்கிறது. பெயர் வைத்தவர்கள் போய்விட்டார்கள். அந்த மண்ணில் வியர்வை சிந்தியவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. நெடுந்தீவைப் புரிந்துகொள்ள மலையகத்தவருக்கு இதைவிட நல்ல திறவுகோல் வேண்டியதில்லை.

இனி அந்தக் கடலோடிக் கதைக்கு வருவோம். மட்டக்களப்புப் பிரதேசத்தின் கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது படிக்கப்படும் ‘கண்ணகி வழக்குரை’ என்ற காவியத்தை நீங்கள் அறிவீர்கள். சிலப்பதிகாரத்தில் இல்லாத ஒரு பெரும் பகுதி அதில் உண்டு. அதற்குக் கடலோட்டு காதை என்று பெயர். கண்ணகியின் சிலம்புக்குப் பரலாக இட நாகமணி வேண்டும். அதைத் தேடிக் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து மீகாமன் என்ற கடலோடி கப்பல் கட்டிப் புறப்படுகிறான். வழியிலே கடலை ஆண்டுகொண்டிருந்த வெடியரசன் அவனை மறிக்கிறான். போர் மூள்கிறது. வெடியரசன் சிறைப்படுகிறான். அவன் தம்பி விளங்குதேவன் பழி வாங்கக் கிளம்புகிறான். மதுரையில் உடைந்து ஒரு நகரத்தையே எரித்த அந்தச் சிலம்பின் பரல், நமது கடலில் இரத்தம் சிந்திப் பெறப்பட்டது என்பது ஈழத்துக் கவிஞனின் கற்பனை. அந்த வெடியரசனின் கோட்டை நெடுந்தீவில் இருந்தது என்பது வடபகுதி மரபு. அவன் வழியினர் பின்னர் கிழக்கே மட்டக்களப்புக்குப் போய்க் குடியேறினர் என்றும் ஒரு மரபு உண்டு. ஆக, கதை கிழக்கிலே படிக்கப்படுகிறது; களம் வடக்கிலே கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

அந்தக் களத்தை இன்று நேரில் காணலாம். தீவின் மேற்குப் பாகத்தில் வெடியரசன் கோட்டை என்று மக்கள் அழைக்கும் இடத்தில், முருகைக் கற்களால் வட்டமாகக் கட்டப்பட்ட அடித்தளங்கள் தெரிகின்றன. இவை பண்டைய பௌத்த தாதுகோபங்களின் எச்சங்கள் என்று தொல்லியலாளர் கொள்கிறார்கள். போர் முடிந்த பின்னர், இது யாருடைய சின்னம் என்ற கேள்வி அரசியல் சூட்டோடு எழுந்திருக்கிறது. கோட்டை என்பவர் ஒரு பக்கம், தாதுகோபம் என்பவர் மறுபக்கம். இரண்டில் ஒன்றை ஒப்புக்கொண்டால் மற்றதை இழந்துவிடுவோம் என்ற அச்சம் இரு தரப்பிலும் தெரிகிறது.

இலக்கியம் படித்தவர்களுக்கு அந்த அச்சம் தேவையில்லை. மணிமேகலை பௌத்த காவியம். தமிழ்க் காவியமும் அதுவே. அதில் வரும் மணிபல்லவம் நெடுந்தீவுக்கு அயலிலுள்ள நயினாதீவுதான் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். மாற்றுக் கருத்துடையோரும் உளர். எப்படியிருப்பினும், தமிழரிடையே பௌத்தம் வாழ்ந்த ஒரு காலம் இருந்தது என்பதற்குச் சான்று நமது நூலகத்திலேயே இருக்கிறது. அந்தக் கற்கள் தாதுகோபமாக எழுந்து, பின்னர் பாழடைந்து, அதன்பின் வந்த மக்களின் நினைவில் வெடியரசனின் கோட்டையாக மாறியிருக்கலாம். கல்லுக்கும் கதைக்கும் வயது வேறு வேறு. கல்லைக் காட்டிக் கதையை அழிப்பதும் தவறு. கதையைக் காட்டிக் கல்லை மறைப்பதும் தவறு.

வெடியரசனுக்கு ஒரு கோட்டை கொடுத்த மக்கள், அவனை வென்ற மீகாமனையும் மறக்கவில்லை. கரையோரமாக முருகைக் கல்லில் எழுந்து, இன்று சுவர்கள் மட்டும் எஞ்சி நிற்கும் போர்த்துக்கேயர் காலத்துக் கோட்டையை அவர்கள் மீகாமன் கோட்டை என்றே அழைக்கிறார்கள். பறங்கியர் கட்டியதென்று வரலாற்று நூல் சொல்லட்டும், அதற்குள் யார் வாழ வேண்டும் என்று தீர்மானிப்பது நாங்கள் என்று சொல்வதுபோல் இருக்கிறது அந்தப் பெயர். டெல்ப்ட் என்ற பெயருக்கு நெடுந்தீவு மக்கள் சொன்ன மறுமொழியாக நான் அதைக் கொள்கிறேன்.

இப்போது நெடுந்தீவு என்றதும் எல்லோரும் கேட்பது குதிரைகளைப் பற்றித்தான். தீவின் புல்வெளிகளில் கட்டுப்பாடின்றித் திரியும் மட்டக் குதிரைக் கூட்டங்கள் இலங்கையில் வேறெங்கும் காண்பதற்கரிய காட்சி. இந்தக் கடலுக்கும் குதிரைக்கும் உறவு பழையது. நயினாதீவில் கிடைத்த பராக்கிரமபாகு மன்னனின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஊர்காவற்றுறைக்கு வரும் பரதேசி வணிகரைக் காக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. சிங்கள மன்னன் ஒருவன் கடல் வணிகருக்காகத் தமிழில் வெட்டுவித்த சட்டம் அது. குதிரை கொண்டு வருபவனுக்குக் கூடுதல் சலுகை அளித்ததிலிருந்தே அந்த விலங்கின் மதிப்பை உணரலாம்.

பின்னர் ஐரோப்பியர் காலத்தில் நெடுந்தீவே குதிரை வளர்ப்பு நிலமாயிற்று. நாற்புறமும் கடல் வேலி, நல்ல புல், தப்பியோட வழியில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியர் சார்பில் தீவை நிர்வகித்த நோலன் என்ற இராணுவ அதிகாரி, இந்த வளர்ப்பை முனைந்து நடத்தியவர். முருகைக் கல் தூண்களோடு கூடிய லாயத்தின் இடிபாடுகள் அந்தக் காலத்தை நினைவூட்டுகின்றன. குதிரைக்குத் தேவை குறைந்ததும் வளர்ப்பு நின்றது. எஞ்சியவை காட்டு விலங்காயின. 2015இல் தீவின் ஒரு பகுதி, ஆயிரத்து எண்ணூறு ஹெக்டேயருக்குச் சற்றுக் கூடுதலான நிலம், தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. ஆனால் பிரகடனம் தாகத்தைத் தீர்ப்பதில்லை. வறட்சி கடுமையான ஆண்டுகளில் குளங்கள் வற்றிக் குதிரைகள் இறக்கின்றன.

தண்ணீர்ச் சங்கதியைச் சற்று விளக்கியாக வேண்டும். இத்தகைய கல் தீவுகளில் மழைநீர் நிலத்தினுள் இறங்கி, பாறையின் துவாரங்களில் நிறைந்திருக்கும் உப்பு நீரின்மேல் ஒரு மெல்லிய படையாக மிதந்து நிற்கும். கிணற்றில் நாம் அள்ளுவது அந்தப் படையைத்தான். அளவறிந்து அள்ளினால் நன்னீர். அவசரப்பட்டு இயந்திரம் போட்டு இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே வந்துவிடும். தீவில் நல்ல நீர்க் கிணறுகளுக்குப் பெயர்போன இடம் சாராப்பிட்டி. மனிதனும் மாடும் குதிரையும் பங்கு போட வேண்டிய அந்த நீரில் இப்போது விருந்தாளியும் பங்கு கேட்கிறான் என்பதைப் போகிறவர்கள் நினைவில் வைத்தால் நல்லது.

பார்க்க வேண்டிய மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்குமரம் ஒன்று தீவில் நிற்கிறது. அரபு வணிகர் கொண்டுவந்தது என்பர். அதன் அடிமரத்தில் ஆள் நுழையுமளவுக்குப் பொந்து உண்டு. மன்னாரிலும் இதன் உறவுமரங்களைக் காணலாம். சுவரெங்கும் சிறு மாடங்களோடு கூடிய ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு இன்னொன்று. தூது செல்லும் புறாக்களை அதில் வளர்த்தார்கள் என்கிறார்கள். கடலை நோக்கி எழுந்த பழைய வெளிச்சக் கோபுரம் ஒன்றும் உண்டு. வளருங்கல் என்று மக்கள் வணங்கும் கல்லும், பாறையில் பதிந்த பெரிய பாதச் சுவடும் நம்பிக்கை உலகைச் சேர்ந்தவை. ஆராய்ச்சிக்கு அவசரப்படாமல் ஊரவர் சொல்லும் கதையைக் கேட்டு வருவதே அழகு.

இவை எல்லாவற்றையும்விட என் மனத்தைக் கவர்வன கல்வேலிகள். வளவுக்கு வளவு, ஒழுங்கைக்கு ஒழுங்கை, சாந்தில்லாமல் முருகைக் கல்லை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகள். இடுக்கு வழியே காற்றுப் போய்வருவதால் புயலுக்கும் அவை எளிதில் சரிவதில்லை. ஆனால் ஆண்டுதோறும் யாராவது விழுந்த கல்லை எடுத்து வைக்க வேண்டும். வேலி சரிந்து கிடக்கும் வளவு என்றால் உள்ளே ஆளில்லை என்று பொருள். அப்படிச் சரிந்த வேலிகள் அங்கே அநேகம். இன்று தீவின் சனத்தொகை ஐயாயிரத்துக்கும் குறைவு.

ஏன் போனார்கள்? கடலும் வறட்சியும் எப்போதும் இருந்தவைதாம். போர் அவற்றோடு சேர்ந்துகொண்டது. 1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு குறிகட்டுவானை நோக்கிப் புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். செய்தவர்கள் கடற்படையினரே என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். தண்டனை எவருக்கும் கிடைக்கவில்லை. மாவிலித்துறையில் நினைவிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் அங்கே விளக்கேற்றுகிறார்கள். கோட்டையைப் படம் பிடிக்க ஓடும் பயணி, கரையிறங்கியதும் ஒரு நிமிடம் அங்கே நின்று போவது முறை. கடலோட்டு காதையில் வந்த இரத்தம் கற்பனை. இது கற்பனையல்ல.

இதாக்காவிலும் 1953இல் பெரும் பூகம்பம் வந்து ஊர்கள் இடிந்தன. பலர் அவுஸ்திரேலியாவுக்கும் பிற நாடுகளுக்கும் போய்விட்டார்கள். ஆனால் ஊரின் பெயரை அவர்கள் விடவில்லை. நெடுந்தீவின் பிள்ளைகளும் அப்படித்தான். அவர்களுள் மிகத் தொலைவுக்குப் போனவர் என்று தனிநாயகம் அடிகளைச் சொல்லலாம். 1913இல் ஊர்காவற்றுறைக் கரம்பனில் பிறந்தவராயினும் தந்தை வழி வேர் நெடுந்தீவில். அங்கே குடியேறித் தலைமை செய்த தனிநாயக முதலியின் பெயரையே அவர் தம் பெயராக்கிக்கொண்டார். 1964இல் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாகவும், 1966இல் கோலாலம்பூரில் முதலாவது மாநாடு நடக்கவும் மூலகாரணர் அவர். அதே 1966இல் அவர் செய்த இன்னொரு காரியத்தை இங்கே குறிப்பிட வேண்டும். புரொவென்சா அடிகள் தொகுத்து, 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான தமிழ்-போர்த்துக்கேய அகராதி வத்திக்கான் நூலகத்தில் உறங்கிக் கிடந்தது. அதை அடிகளார் நிழற்படப் பதிப்பாக மீட்டுத் தந்தார். போர்த்துக்கேயர் நெடுந்தீவில் விட்டுப்போனது இடிந்த கோட்டை. அவர்கள் தமிழுக்கு விட்டுப்போனது அந்த அகராதி. தீவின் வழித்தோன்றல் ஒருவர் அதை உலகின் மறுகோடியில் தேடி எடுத்தார். வரலாறு சில வேளைகளில் கதையைவிட அழகாக அமைகிறது.

நெடுந்தீவின் கதை பழங்கதையோடு முடிந்துவிடவில்லை. 1974 உடன்படிக்கையால் பெயர்பெற்ற கச்சதீவு, நெடுந்தீவுப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது. டீசல் இயந்திரத்தால் மின்சாரம் பெறும் தீவுக்குச் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின் திட்டம் ஒன்றை 2021இல் சீன நிறுவனத்துக்கு வழங்க முடிவாயிற்று. இந்தியா ஆட்சேபித்தது. 2024 மார்ச்சில் அதே திட்டம் இந்திய நன்கொடையில் ஒப்பந்தமாயிற்று. ஒரு சிறு தீவின் விளக்குக்கு இரண்டு வல்லரசுகள் போட்டி. ஆனால் நோயாளியை இரவில் அக்கரை சேர்க்க ஒரு படகு என்பதுதான் அந்த மக்களின் நெடுநாளைய கவலை.

புசல்லாவை வழியாக நுவரெலியா போகும் உல்லாசப் பயணிகள் வாகனத்தை நிறுத்தித் தேயிலையைப் படம் பிடிப்பதை நாம் நாளும் காண்கிறோம். அவர்கள் படத்தில் பச்சை இருக்கும், கொழுந்துக் கூடையும் இருக்கும். லயத்து வாசல் இராது. நம்மைப் பிறர் பார்க்கும் அந்தப் பார்வையை நாம் நெடுந்தீவுக்குக் கொண்டுபோகக் கூடாது. காலையில் இறங்கி, முச்சக்கர வண்டியில் ஐந்து இடத்தைத் தொட்டு, குதிரைக்குப் பிஸ்கட் போட்டு, வெறும் போத்தலை எறிந்துவிட்டு மாலைப் படகில் திரும்புவது பயணமாகாது. குடிநீரைக் கொண்டு போங்கள்; குப்பையைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். கல்வேலியிலிருந்து ஒரு கல்லும் எடுக்காதீர்கள். கடைசிப் படகின் நேரத்தை இறங்கியவுடனேயே கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் ஊரவர் வீட்டில் ஒரு வேளை காசு கொடுத்துச் சாப்பிடுங்கள். போகும் முன்பு கடலோட்டு காதையை ஒரு தடவை படியுங்கள். அங்குள்ள முதியவர் ஒருவரிடம், வெடியரசன் கதை உங்களுக்குத் தெரியுமா ஐயா, என்று கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்கினால் படகு நேரத்தைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருந்து கேளுங்கள். அந்தக் கதையை இன்னும் சொல்லக்கூடியவர்கள் அங்கே நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள்.